கடல் கடந்த கொள்வினை கொடுப்பினை

ஓர் இனத்தாரை அடிமைப்படுத்திய அரசுகள் அவர்களிடமிருந்து எவற்றையெல்லாம் பறித்துக்கொண்டன என்று கணக்கெடுக்கும் சரித்திராசிரியர்கள் நிலத்தையும் மொழியையும் வழிபாட்டையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அயலாரோடு அவர்களுக்கு இருந்துவந்த போக்குவரத்தும் அதனால் விளைந்த உறவும் அற்றுப்போனதைக் குறிப்பிடுவோர் சிலரே. பசிபிக் மகாசமுத்திரத்தின் தீவுகளில் நேர்ந்தது இதுதான். ஹவாய்த் தீவுகள் அமெரிக்காவின் வசமாயின. தாஹித்தியும் அதைச் சூழ்ந்த தீவுகளும் பிரான்ஸின் வசமாயின. மாவோரி மக்களின் தாயகமான நியூஸிலாந்து பிரிட்டனின் குடியேற்ற நாடாயிற்று. மேற்கே கரோலின் தீவுகளோ ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று நான்கு வல்லரசுகளின் கைக்கு ஒன்றன்பின் ஒன்றாக மாறின. பரந்த கடலை முற்றம்போலப் பாவித்துப் பழகிய மக்கள், ஒருவரையொருவர் காண விரும்பினால் ஆள்வோரின் தலைநகரங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய நிலை ஏற்பட்டது.

இவ்வாறு துண்டுபட்டுப்போன பூர்வகுடிகளிடையே ‘நம்மவர்’ என்னும் உணர்ச்சியை மறுபடியும் உண்டாக்கவல்ல தலைமை எத்தகையது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள். இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுவதுண்டு. பொதுப் பகைவனுக்கு எதிரே ஒரே கொடியின்கீழ் அணிவகுப்பதே உறவுக்கு வழி என்பர் ஒரு சாரார். அவரவர் முதலில் தத்தம் மரபை வேலியிட்டுக் காத்துக்கொள்ளட்டும், பிறரோடு கூடுவதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் 1970-களிலிருந்து பசிபிக் தீவுகளிலும் அச்சமுத்திரத்தின் வடகரையிலும் நடந்துவந்தவற்றை ஊன்றிப் பார்க்கும்போது, இவ்விரண்டிலும் அடங்காத வேறொன்று புலப்படுகிறது. தம் இனத்தில் அற்றுப்போன ஒன்றை மற்றோர் இனத்தாரின் வாயிலில் நின்று கேட்டுப் பெற்ற தலைவர்களும், கேட்டவர்க்குத் தம்மவரின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல் கொடுத்த தலைவர்களுமே அங்கே நிலைத்த உறவை உண்டாக்கியிருக்கிறார்கள். மகாநாடுகளும் தீர்மானங்களும் செய்ததைக் காட்டிலும், பாய்கட்டிய கலம் ஒன்று அதிகமாகச் செய்திருக்கிறது.

அக்கலத்தின் பெயர் ஹோக்கூலேயா. ஆர்க்டூரஸ் என்று மேனாட்டு வானநூலார் சொல்வதும், நம்மவர் சுவாதி என்று சொல்வதுமான நட்சத்திரத்துக்கு ஹவாய் மக்கள் வழங்கும் பெயர் அது. ஹவாய்த் தீவுகளின் நேர் உச்சியைக் கடந்து செல்லும் நட்சத்திரமாதலால், தெற்கேயிருந்து திரும்பும் கடலோடிக்கு, சுவாதி தலைக்குமேல் வந்துவிட்டால் தாயகத்தின் அட்சரேகையை அடைந்தாயிற்று என்று அர்த்தம். ஓவியர் ஹெர்ப் கானே, மானிடவியல் அறிஞர் பென் ஃபின்னி, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகிய மூவர் 1973-இல் பாலினீசியக் கடற்பயணச் சங்கத்தை ஸ்தாபித்து, இரண்டு ஓடங்களை அருகருகே இணைத்துப் பண்டை முறையில் அமைத்த, சுமார் 62 அடி நீளமுள்ள அக்கலத்தை 1975 மார்ச் 8-ஆம் நாள் ஓவாஹு தீவின் கரையில் நீரில் இறக்கினார்கள்.

அவர்களை அம்முயற்சியில் தூண்டியது ஒரு வாதம். பசிபிக் தீவுகளுக்கு முன்னோர் வந்து சேர்ந்தது திட்டமிட்ட பிரயாணத்தால் அன்று, காற்றும் நீரோட்டமும் அடித்துக்கொண்டுவந்து ஒதுக்கியதால்தான் என்று ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் 1950-களில் ஒரு நூல் எழுதியிருந்தார். அதற்கும் முன்பே, 1947-இல், நார்வே நாட்டவரான தோர் ஹெயர்டால் என்பவர் ‘கான்டிக்கி’ என்னும் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு 101 நாள் மிதந்து துவாமோத்துத் தீவுகளை அடைந்து, தீவு மக்களின் முன்னோர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர்களே என்று நிலைநாட்ட முயன்றிருந்தார். இவ்வாதங்கள் ஹவாய் மக்களின் நெஞ்சில் எப்படித் தைத்திருக்கும் என்பதை அவர்களுடைய அண்மைக்காலச் சரித்திரத்தை அறிந்தவர்களே உணர முடியும். 1893-இல் அவர்களுடைய அரசி சிங்காதனத்திலிருந்து இறக்கப்பட்டார். 1896-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவர்களுடைய மொழி பள்ளிக்கூடங்களினின்று வெளியேற்றப்பட்டது. அதன்பிறகு பிறந்த மூன்று தலைமுறையினர், தம் பாட்டன்மார் திசையறியாமல் அலைக்கழிந்து கரையொதுங்கியவர்கள் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தார்கள்.

கலம் தயாராகிவிட்டது, ஆனால் கருவியில்லாமல் அதைத் திசை தப்பாது செலுத்தத் தெரிந்தவர் ஹவாயில் ஒருவரும் இல்லை. விண்மீனையும் அலையையும் காற்றையும் பறவையையும் கொண்டு வழியறியும் அந்தப் பழைய வித்தை அங்கே அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மைக்ரொனீசியாவின் கரோலின் தீவுகளில் இருந்த மிகச் சிலர். ஹவாய்ச் சங்கத்தார் தேடிக் கண்டடைந்தவர் மௌ பியாய்லுக். அவருடைய ஊரான சாத்தவால் தீவின் பரப்பு ஏறக்குறைய 1.3 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 500. ஹவாய், தாஹித்தி, மாவோரி மக்கள் பாலினீசியர்; அவர் பாலினீசியர் அல்லர். ஹவாய் மொழி அறியார். ஆங்கிலமும் அவருக்குச் சிறிதளவே தெரியும். தம்முடைய முன்னோரின் பெருமையை உலகுக்கு நிரூபிக்கப் புறப்பட்டவர்கள், வேறோர் இனத்தைச் சேர்ந்தவரும், உலகம் பெயர்கூடக் கேட்டிராத சிற்றூரினருமான ஒருவரைக் குருவாக ஏற்க நேர்ந்தது என்பதை நாம் கடந்துபோய்விடக்கூடாது. ஹவாய் மக்களின் மறுமலர்ச்சி இந்தப் பணிவிலிருந்து தொடங்கியது என்றே நான் கருதுகிறேன்.

பியாய்லுக்கின் பக்கமிருந்து பார்த்தால் காரியம் இன்னும் கடினமானது. 1932-இல், ஜப்பானியர் ஆட்சியின்போது பிறந்த அவரைப் பாட்டனார் கைக்குழந்தைப் பருவத்திலேயே இவ்வித்தைக்கு உரியவராகத் தேர்ந்தெடுத்து, கரையோரத்துப் பாறைகளின் நடுவே தேங்கும் கடல்நீரில் உட்காரவைத்து, நீரின் இழுப்பும் தள்ளலும் உடம்பில் பதியும்படி பழக்கினாராம். வளர்ந்தபின் அவர் ‘ப்வோ’ என்னும் தீட்சையைப் பெற்று மீகாமர் வரிசையில் சேர்ந்தார். அங்கே இவ்வித்தை குலச்சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாக இறங்குவது. அயலார் காதில் விழலாகாது என்பது கட்டுப்பாடு. ஆனால் அவர் நடுவயதை எட்டுவதற்குள் தீவின் நிலைமை மாறிவிட்டது. கிறிஸ்தவ மதமும் அமெரிக்கப் பாணிப் பள்ளிக்கூடமும் வந்தன. மோட்டார் படகு வந்தது. இளைஞர்களுக்கு நட்சத்திரப் பாடத்தில் நாட்டம் குறைந்தது. தம்மோடு இவ்வித்தை அழிந்துபோவதா, அல்லது கேட்டு வந்த அந்நியருக்குக் கொடுத்து அதை வாழவைப்பதா என்னும் தர்மசங்கடத்தில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஊரில் முணுமுணுப்பு எழாமலில்லை. குலரகசியத்தை வெளியாருக்கு விற்றுவிட்டார் என்ற பேச்சையும் தாங்கிக்கொண்டுதான் அவர் கொடுத்தார்.

1976 மே முதல் நாளன்று மாவி தீவிலிருந்து புறப்பட்ட ஹோக்கூலேயா, சுமார் 4000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 4-ஆம் நாள் தாஹித்தியின் பப்பேத்தே துறைமுகத்தை அடைந்தது. திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை, பியாய்லுக் ஒருவரே கலத்துக்குக் கண்ணாக இருந்தார். கரையில் சுமார் 17,000 பேர் திரண்டிருந்தார்கள். தேவாலயப் பாடகர்கள் வரவேற்புப் பாட்டிசைத்தார்கள். சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக நீந்திவந்து பின்புறத்தில் ஏறிக்கொள்ள, அந்தப் பாரத்தால் கலத்தின் பின்பகுதி நீருக்குள் அமிழ்ந்துவிட்டது. ஹவாய்க்காரர்கள் ஒரு வாதத்தை நிரூபிக்க வந்தார்கள். தாஹித்தி மக்கள் அதை உறவினர் வருகையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அப்பயணத்தை முழுப் பெருமையோடு எழுதிவிடுவது சத்தியத்துக்கு விரோதம். கலத்தில் இருந்தவர்களுக்குள்ளே பூசல் மூண்டது. விஞ்ஞான சோதனையாக அதை நடத்த விரும்பியவர்களுக்கும், அது தங்கள் இனத்தின் சொத்து, அந்நியருக்கு அதில் என்ன வேலை என்று எண்ணிய சிலருக்கும் இடையே வார்த்தை தடித்தது; கைகலப்பும் நேர்ந்தது. அவற்றையெல்லாம் கண்டு மனம் நொந்த பியாய்லுக், திரும்பும் பயணத்தில் சேராமல், தம்மைத் தேடி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தம் தீவுக்குப் போய்விட்டார். நவீனக் கருவிகளின் துணையோடுதான் கலம் ஹவாய்க்குத் திரும்பியது. இன அபிமானம் மட்டுமே உறவை உண்டாக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். அபிமானம் மிகுந்திருந்த இடத்தில்தான் குரு அவமதிக்கப்பட்டார்.

இரண்டாண்டு கழித்து, 1978 மார்ச் 16-ஆம் நாள், குரு இல்லாமலே தாஹித்திக்குப் புறப்பட்ட ஹோக்கூலேயா, புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் மொலோக்காய்த் தீவுக்கருகே புயற்காற்றில் கவிழ்ந்தது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற உதவி தேடிவருவதாகச் சொல்லி அலைச்சறுக்குப் பலகை ஒன்றில் ஏறிப் போன எடி ஐக்காவ் என்னும் வீர இளைஞர் திரும்பவேயில்லை, மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். இயக்கம் அத்தோடு முடிந்திருக்கவேண்டியது. முடியாமற்போனதற்குக் காரணம் நைனோவா தாம்ஸன் என்னும் இளைஞர். விண்மீன்களின் உதய அஸ்தமனங்களை ஹொனலூலுவின் கோளரங்கத்திலும் திறந்தவெளியிலும் தாமாகவே பயின்றுவந்த அவர், தாமாகப் பயின்றது போதாது என்று உணர்ந்து, 1979-இல் பியாய்லுக்கைத் தேடிச் சென்று, மறுபடியும் வரவேண்டும் என்று வேண்டினார். வரவேண்டாம் என்று சொல்லியிருந்த அப்பெரியவர் வந்தார். ஓர் உயிர் போனதைக் கேள்விப்பட்டிருந்த அவர், இன்னோர் உயிர் போகக்கூடாது என்று எண்ணியே வந்தார் என்று கொள்ளலாம்.

அந்தக் குருகுலவாசம் நடந்த விதத்தைச் சற்று விரித்துச் சொல்வது தகும். ஓவாஹு தீவின் கிழக்கோரத்திலுள்ள லானாய்க் குன்றின்மேல் இருவரும் விடியற்காலையிலும் அந்திவேளையிலும் நின்று, அடிவானத்தின் நிறத்தையும் மேகத்தின் போக்கையும் அலை வரும் பக்கத்தையும் பார்ப்பார்கள். ஒரு நாள் குரு, தாஹித்தி எந்தப் பக்கம் என்று கேட்டார். சிஷ்யர் கைநீட்டிக் காட்டினார். தீவு தெரிகிறதா என்று அடுத்த கேள்வி வந்தது. கண்ணுக்கு எட்டாதது எப்படித் தெரியும் என்று திகைத்த தாம்ஸன், அதன் உருவம் மனத்தில் தெரிகிறது என்று சொல்ல, அந்த உருவத்தை மறந்தால் வழி தவறிப்போவாய் என்று எச்சரித்து, பாடம் முடிந்தது என்று குரு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். 1980-இல் தாம்ஸன் தாமே மீகாமராக இருந்து தாஹித்திக்குச் சென்று திரும்பியபோது பியாய்லுக் உடன் சென்றார். ஆனால் வழி சொல்லவில்லை, கவனித்துக்கொண்டு மாத்திரம் இருந்தார். ஒரே ஒரு முறை குறுக்கிட்டார். கரை தென்படவேண்டிய வேளையில், காலையில் ஒரு பறவை கலத்தின்மேல் பறந்து போயிற்று. காலையில் பறவை நிலத்தைவிட்டு இரைதேடக் கடலுக்குப் போகும் என்பது பொது விதி. ஆகையால் அது வந்த திசையில்தான் தீவு இருக்கவேண்டும் என்று சிஷ்யர் கணித்தார். குருவோ, கலத்தைத் திருப்பி அப்பறவையின் பின்னே போகச் சொன்னார். சிறிது நேரத்தில் தீவு தென்பட்டது. அந்தப் பறவையின் அலகில் சிறு மீன் ஒன்று இருந்ததை அவர் பார்த்திருந்தார். அது குஞ்சு பொரித்திருக்கும் காலம். இரையைக் குஞ்சுக்கு ஊட்டுவதற்காகக் கூட்டுக்குத் திரும்புகிற பறவை அது. இத்தகைய அறிவு எந்த ஏட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளக்கூடியதன்று. கூடவே இருந்து பெறவேண்டியது. கூடவே இருந்ததால் இரண்டு இனங்கள் உறவாயின.

ஹவாய்க்காரர்கள் பெற்ற இவ்வறிவு மேலும் பயணப்பட்டது. 1985 டிசம்பரில் ஹோக்கூலேயா நியூஸிலாந்தின் வடபகுதியிலுள்ள வைத்தாங்கியை அடைந்தது. அங்கே வரவேற்றவர், இரண்டாம் உலக யுத்தத்தில் மாவோரிப் படைப்பிரிவைத் தலைமை தாங்கி நடத்தியவரும், வடபகுதி மாவோரிகளின் பெருந்தலைவருமான ஸர் ஜேம்ஸ் ஹேனரே. வடபகுதியில் ஐந்து குலங்கள் உண்டு, ஒவ்வொன்றும் தன்னைக் கொண்டுவந்த முன்னோர் கலத்தின் பெயரைச் சொல்லும், இன்று உங்கள் கலமும் வந்து சேர்ந்ததால் நீங்கள் ஆறாவது குலம் ஆகிவிட்டீர்கள் என்று அவர் அறிவித்தார். அக்குலத்துக்கு ங்காத்தி ருவாவாஹியா என்று பெயரிட்டார். ருவாவாஹியா என்பது அதே சுவாதி நட்சத்திரத்துக்கு மாவோரிகள் வழங்கும் பெயர். இதைச் சபை நாகரிகம் என்று எண்ணிவிடலாகாது. வம்சாவளியே ஒருவனுடைய நிலத்தையும் பேச்சுரிமையையும் தீர்மானிக்கும் சமூகத்தில், புதிதாக ஒரு குலத்தை வம்சாவளியில் சேர்ப்பது, தம் வீட்டில் வந்து அமர அவர்களுக்கு உரிமை எழுதிக்கொடுப்பதாகும். அரசுகள் குடியுரிமை கொடுக்கும்; உறவுரிமையை இப்படி ஒரு பெரியவர்தான் கொடுக்க முடியும்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர் ஹெக்கெநுக்குமாய் பஸ்பி என்னும் பாலங்கட்டும் தொழிலினர். அவர் இரண்டு கவுரி மரங்களைக் கொண்டு ‘தே ஆவுரேரே’ என்னும் கலத்தைக் கட்டி, 1992-இல் நட்சத்திர வழியே ராரோத்தோங்கா தீவுக்குச் செலுத்தினார். அவ்வாண்டு அங்கே நடந்த பசிபிக் கலைவிழாவில் பல தீவுகளின் கலங்கள் கூடின. மூன்றாண்டு கழித்து, 1995-இல், அவை ராயாத்தேயா தீவின் தப்புதப்புவாத்தேயாவில் கூடின. அது பாலினீசியர் அனைவருக்கும் ஆதிப் புண்ணியத்தலம். தீவுகளின் பண்டைய நட்புக் கூட்டணி அங்கே ஒரு புரோகிதர் கொலையுண்டதால் முறிந்தது என்றும், அதிலிருந்து அத்தலத்தின்மீது ஒரு தடை இருந்துவருகிறது என்றும் ஐதிகம். மாவோரிப் பெரியோரும் ராயாத்தேயாப் பெரியோரும் சேர்ந்து சடங்கு செய்து அத்தடையை நீக்கினார்கள். பல நூற்றாண்டுப் பழைய மனஸ்தாபத்தைத் தீர்ப்பதற்கு இன்றைய தலைவர்கள் முன்வந்ததையும், அதைத் தீர்க்க இருதரப்பும் தேவைப்பட்டதையும் நாம் கவனிக்கவேண்டும்.

இனி வடகரைக்குச் செல்வோம். முழுவதும் பண்டைய மரப்பொருள்களாலேயே ஒரு கலம் கட்டவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டை ஒட்டி ஹவாய்ச் சங்கத்தார் முடிவு செய்து, அதற்குத் தகுந்த கோவா மரங்களைத் தம் காடுகளில் மாதக்கணக்கில் தேடினார்கள். மாட்டுப்பண்ணைகளும் மரவாணிகமும் அழித்ததுபோக எஞ்சிய காட்டில், ஓர் ஓடத்துக்கு ஆகும் அளவு பருத்துப் பழுதில்லாத மரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தம் காடு செத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர்கள் அப்போதுதான் கண்கூடாகக் கண்டார்கள். முற்காலத்தில் அமெரிக்க வடமேற்குக் கரையிலிருந்து மிதந்துவந்த பெருமரங்களாலும் ஹவாயில் ஓடங்கள் குடையப்பட்டதுண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பற்தலைவர் வான்கூவர் அப்படிப்பட்ட ஓர் ஓடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்நினைவில் அவர்கள் தென்கிழக்கு அலாஸ்காவின் திலிங்கித், ஹைடா, சிம்ஷியன் மக்களுடைய ஸ்தாபனமான ஸீஅலாஸ்காவைக் கேட்டார்கள். அதன் தலைவராயிருந்த பைரன் மல்லட், திலிங்கித் இனத்தவர். சுமார் 400 வயதான இரண்டு ஸ்புரூஸ் மரங்களை விலையின்றித் தருவதாகச் சொன்னார்.

மரங்களைப் பார்க்கப் போன தாம்ஸன், அவற்றின் எதிரே நின்றபோது வெட்டச் சொல்ல மனம் வராமல் திரும்பிவிட்டார். தம் காட்டைக் கைவிட்டுவிட்டு, பிறர் காட்டில் போய் வெட்டிக்கொள்வது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி அவரை வாட்டியது. அதன்பிறகுதான் ஹவாய்த் தீவில் ஆயிரக்கணக்கான கோவாக் கன்றுகளை நடும் பணி, பள்ளிப் பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு தொடங்கியது. அவை ஓடத்துக்கு ஆகும் மரங்களாக வளர நூறாண்டுக்குமேல் செல்லும். அப்பணி தொடங்கிய பின்னரே, திலிங்கித் பெரியோர் மரங்களுக்குச் செய்யவேண்டிய சடங்கைச் செய்ய, அவை வெட்டப்பட்டு ஹவாய்க்கு வந்தன. ‘ஹவாயிலோவா’ என்று பெயர்பெற்ற அக்கலம் 1993-இல் நீரில் இறங்கியது. 1995-இல் நன்றி சொல்வதற்காகவே வடக்கே சென்று, கரையோரப் பூர்வகுடிகளின் ஊர்கள்தோறும் தங்கி, அலாஸ்காவை அடைந்தது. ஸீஅலாஸ்கா என்பது நிலவுரிமை வழக்குகளைத் தீர்க்க 1971-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழியே உண்டான வாணிகக் கம்பெனி. காடுகளை மொட்டையாக வெட்டி விற்றதற்காக அதன்மேல் குறை சொல்வோர் உண்டு, அக்குறையை நான் பொய்யென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே கம்பெனியின் தலைவர், விற்கக்கூடிய இரண்டு பெருமரங்களை உறவுக்காக விட்டுக்கொடுத்தார் என்பதும், அந்த உறவு மல்லட் 2020-இல் இறந்தபின்னும் தொடர்ந்தது என்பதும் உண்மை. 2023-இல் பசிபிக்கைச் சுற்றிவரத் தொடங்கிய ஹோக்கூலேயா, முதலில் மல்லட்டின் சொந்த ஊரான யாக்குத்தாத்துக்குச் சென்று மரியாதை செலுத்திவிட்டே, ஜூனோ நகரிலிருந்து அப்பயணத்தைத் துவக்கியது.

கலங்களைத் தவிர வேறு வழிகளிலும் இத்தகைய கொள்வினை கொடுப்பினை நடந்திருக்கிறது. 1982-இல் மாவோரிகள் ‘கோஹங்கா ரேயோ’ என்னும் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மொழி மறவாத பாட்டிமார்களே அங்கே ஆசிரியர். குழந்தையின் காதில் மாவோரி மொழி தவிர வேறு மொழி விழாது. மாவோரி அறிஞர் தீமோத்தி காரெத்து ஹவாய்க்கு வந்து இதைப் பற்றிச் சொல்ல, 18 வயதுக்குட்பட்டவர்களில் ஹவாய் மொழி பேசத் தெரிந்தவர் 50 பேருக்கும் குறைவு என்ற நிலையிலிருந்த அத்தீவுகளில் 1984-இல் முதல் ‘பூனானா லேயோ’ பள்ளி திறக்கப்பட்டது. 1896-ஆம் ஆண்டுத் தடை 1986-இல் நீங்கியதற்கு இப்பள்ளிகளின் பெற்றோர் நடத்திய போராட்டமே காரணம். மாவோரிகளின் இம்முறை பின்னர் பின்லாந்தின் வடகோடிவரை சென்று, 1997-இல் அங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களின் இனாரி சாமி மொழிக்கு உயிர் கொடுத்தது.

அரசியல் வழியில் முயன்றவர்களுள் ஜார்ஜ் மானுவேல் முதன்மையானவர். கனடாவின் ஷுஸ்வாப் இனத் தலைவரான அவர், 1971-இல் நியூஸிலாந்துக்குச் சென்று, மாவோரிகளுக்குப் பாராளுமன்றத்தில் தனி இடங்கள் இருப்பதையும் அவர்களுடைய சபை நடக்கும் சிறப்பையும் நேரில் கண்டு வியந்து, பின்பு சாமி மக்களிடமும் சென்று பழகி, 1975-இல் வான்கூவர் தீவின் போர்ட் ஆல்பர்னியில் உலகப் பூர்வகுடிகள் பேரவையைக் கூட்டினார். அப்பேரவை 1990-களில் கலைந்துபோயிற்று. ஆயினும், 2007 செப்டம்பர் 13-இல் 144 நாடுகளின் ஆதரவோடு ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறிய பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு அவர் போன்றோர் இட்ட அஸ்திவாரம் உதவியது. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து. இக்கட்டுரையில் வரும் மக்களில் பெரும்பாலோர் அவற்றின் ஆட்சியில்தான் வாழ்கிறார்கள்.

மறுபடியும் ஓடங்களுக்கு வருவோம். அமெரிக்க வடமேற்குக் கரையில், குவினால்ட் இனத்து எம்மெட் ஆலிவர் என்பவரின் முயற்சியால் 1989-இல் நடந்த ஓடப்பயணமும், அப்போது ஹெய்ல்ட்சுக் இனத்து ஃப்ராங்க் பிரவுன் விடுத்த அழைப்பை ஏற்றுப் பல இனத்தார் 1993-இல் அவருடைய இனத்தாரின் ஊரான பெல்லா பெல்லாவுக்குத் துடுப்பிட்டுச் சென்றதும் இன்று ஒரு பெருவழக்கமாக வேரூன்றிவிட்டன. அங்கே வரும் ஓடங்கள் நேரே கரையேறுவதில்லை. கரைக்குச் சற்று அப்பால் நின்று, நாங்கள் இன்ன குலத்தார், இன்ன இடத்திலிருந்து வருகிறோம், களைத்தும் பசித்தும் இருக்கிறோம், உங்கள் கரையில் இறங்க அனுமதி வேண்டும் என்று உரக்கச் சொல்லிக் காத்திருக்கும். கரையில் நிற்கும் தலைவர் அனுமதி சொன்னபின்பே இறங்கும். அதன்பிறகு விருந்தும் பாட்டும் பரிசளிப்பும் பல நாள் நடக்கும். மதுவுக்கு மாத்திரம் அங்கே இடமில்லை. குடியினால் குடும்பங்கள் சிதைந்த ஊர்களில் ஓர் இளைஞன் பல வாரம் துடுப்புப் பிடித்துப் பிறர் கரையில் மரியாதையோடு அழைக்கப்படுவது, அவனுக்கு எத்தனை உபதேசமும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்து, காரியம் கைகூடிவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இம்முயற்சிகள் பட்ட இடமெல்லாம் பயன் விளைத்திருக்கின்றன என்றாலும், கடன்பட்டவர்கள் கடனை எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஹவாய்ச் சங்கத்தார் தம்வரையில் மறக்கவில்லை. ஹவாய்த் தீவின் ஓடத்தச்சர் குழு ஒன்று ‘அலிங்கானோ மாய்ஸு’ என்னும் கலத்தைக் கட்டி, 2007-இல் ஹோக்கூலேயாவின் துணையோடு சாத்தவாலுக்குச் செலுத்தி, குருதட்சிணையாகப் பியாய்லுக்கிடம் ஒப்படைத்தது. அவரோ, அதை வாங்கிக்கொண்டதோடு நில்லாமல், மார்ச் 18-ஆம் நாள், அரை நூற்றாண்டாக நின்றுபோயிருந்த ப்வோ தீட்சையை அத்தீவில் நடத்தி, தாம்ஸன் உள்ளிட்ட ஐந்து ஹவாய்க்காரர்களையும், தம் மகன் செசாரியோ உள்ளிட்ட பதினொரு மைக்ரொனீசியர்களையும் ஒரே வரிசையில் அமர்த்தி மீகாமர்களாக்கினார். அந்நியருக்குக் கொடுத்துவிட்டார் என்று எந்த வித்தையைக் குறித்து ஊரார் குறைப்பட்டார்களோ, அந்த வித்தை அந்நியரோடு சேர்ந்தே ஊருக்குத் திரும்பிவந்தது. 2010 ஜூலையில் அவர் காலமானார்.

ஆனால் ஹவாயின் பொது ஜனங்கள்? 1986-இல் நடப்புக்கு வந்த ஓர் உடன்படிக்கையின்படி மைக்ரொனீசிய மக்கள் விசாவின்றி அமெரிக்காவில் வாழவும் உழைக்கவும் உரிமை பெற்றார்கள். மருத்துவத்துக்கும் கல்விக்கும் வேலைக்குமாக அவர்களில் பல்லாயிரம் பேர் ஹவாயில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது அரிது; வேலையிடங்களில் ஏளனம்; பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகளின்மேல் வசைச்சொற்கள்; வானொலியிலும் தெருவிலும் அவர்களை வைத்துக் கேலி. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியை அவர்களுக்கு இல்லாமற்செய்தது. 2020 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. இக்கேலியில் சேர்பவர்களில் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள், ஹவாய்ப் பூர்வகுடிகள் உட்பட. எந்தத் தீவுக்கூட்டத்து மனிதர் ஒருவர் வந்து அவர்களுடைய முன்னோரின் பெருமையை அவர்களுக்கு மீட்டுக் கொடுத்தாரோ, அந்தத் தீவுக்கூட்டத்தார் இன்று அவர்களுடைய ஊரில் தாழ்ந்தவர்களாக நடத்தப்படுகிறார்கள். பழக்கத்தால் ஏற்படும் மறதி என்று இதை மன்னித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு எதிராகப் பேசும் தலைவர்கள் இல்லாமலில்லை. கலத்தில் சென்று வந்தவர்களிலும், பல்கலைக்கழகங்களிலும், தேவாலயங்களிலும் பலர் பேசிவருகிறார்கள், மைக்ரொனீசிய இளைஞர்களும் தாமே எழுந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயினும் நடுக்கடலில் குருவைக் கண்டறிந்த தலைமை, நகரத்துக் குடியிருப்பில் அதே குருவின் ஊராரைக் கண்டறிய இன்னும் வெகுதூரம் வரவேண்டியிருக்கிறது. ஹவாயின் பள்ளிகள் பலவற்றில் நட்சத்திரத் திசைவட்டம் தரையில் வரையப்பட்டிருக்கிறது; அதைச் சுற்றி நின்று பியாய்லுக்கின் பெயரைக் கற்கும் வகுப்பில், சாத்தவாலிலிருந்தோ மைக்ரொனீசியாவின் வேறொரு தீவிலிருந்தோ வந்த பிள்ளையும் நிற்கக்கூடும். அப்பிள்ளையை முன்னால் அழைத்து நிறுத்தி, இவன் நம் குருவின் நாட்டான் என்று சொல்லும் ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும். அவர்களைத் தயாரிக்கும் பொறுப்பு, ஸர் ஜேம்ஸ் ஹேனரேயிடமிருந்து ஆறாவது குலம் என்ற பெயரைப் பெற்றுக்கொண்டவர்களுடையது.